வேறொருத்தியின் நிம்மதி

மிக்கேலம்மாள் சொல்லி முடித்தபோது கேட்டுக்கொண்டிருந்த இரண்டு பேருக்கும் கண் கலங்கியிருந்தது. திரையில் ஓடிய கோடு மட்டும் கலங்கவில்லை. ஆரம்பத்தில் ஒரு முறை சரிந்து கீழே இறங்கியது. பிறகு ஏழு நிமிடமும் அடியிலேயே படுத்துக் கிடந்தது.

பெனிட்டா அதைப் பார்த்தும் முகத்தில் காட்டிக்கொள்ளாமல் எழுந்து போய், அந்த அம்மாளின் நெற்றியில் கட்டியிருந்த பட்டையைக் கழற்றினாள்.

"இதுக்குள்ள என்னம்மா போகும்?" என்று மிக்கேலம்மாள் கேட்டாள். மணல்துறையிலிருந்து இரண்டு பஸ் மாறிப் பாளையங்கோட்டைக்கு வந்தவள். ஐம்பத்தைந்து வயது இருக்கும். வெயிலில் காய்ந்த முகம்.

"நீங்க அந்த நாளை நினைச்சுச் சொல்லும்போது உங்க மனசுல என்ன ஓடுதோ, அதை இந்தப் பட்டை எடுத்துக்கிடும். பாக்கிறவங்களும் இதே மாதிரி ஒண்ணை நெத்தியில கட்டிக்கிட்டுப் பாப்பாங்க. உங்க பேச்சு காதுல கேட்கும். உங்களுக்கு வந்தது அவங்களுக்கும் அப்படியே வரும்."

"எனக்கு வந்ததா? ஐயோ பாவம், அவங்களுக்கு எதுக்கு அது?"

பக்கத்தில் நின்ற கிளாட்சன் சிரித்துவிட்டான். 'ஊற்று' சேனல் அவனுடையது. பழனிக்குக் காவடி எடுத்தவர், ஹஜ் போய்வந்தவர், சிலுவைப்பாதையில் மயங்கி விழுந்தவர் என்று எந்த மதத்துக்காரரானாலும் உட்காரவைத்து, அவர்களுக்குக் கடவுள் கிடைத்த கதையைச் சொல்லவைப்பான். முன்பெல்லாம் வெறும் பேச்சு போதும். பட்டை வந்தபிறகு வெறும் பேச்சை யாரும் பார்ப்பதில்லை. கதை எப்படி இருந்தாலும் அடியில் ஓடும் உணர்வுத் தடம் ஆளைத் தூக்க வேண்டும். அந்தத் தடங்களைச் சுத்தம் செய்து கோப்பதுதான் பெனிட்டாவின் வேலை. இரைச்சலைக் குறைக்கலாம், இடையில் வரும் பசியையும் கூச்சத்தையும் வெட்டி எடுக்கலாம். எதையும் சேர்க்கக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த அன்று அவளே எழுதிச் சுவரில் ஒட்டிய விதி அது.

மிக்கேலம்மாளின் கதை சிறியது. எட்டு மாதத்துக்கு முன், புயலுக்கு முந்தின நாள் மணல்துறையிலிருந்து ஒன்பது பேரோடு ஒரு விசைப்படகு போனது. திரும்பவில்லை. அதில் ஒருவன் அவள் மகன் சகாயம். பதினேழாம் நாள் உச்சி வெயிலில் அவள் கடற்கரையில் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

"ஆண்டவர் வந்தாரு. வந்து பக்கத்துல உக்காந்தாரு."

"என்ன சொன்னாரும்மா?" என்று கிளாட்சன் ஆவலோடு கேட்டான்.

"ஒண்ணும் சொல்லல."

"தொட்டாரா?"

"இல்ல. உக்காந்திருந்தாரு. அவ்வளவுதான்."

அவளை பஸ் ஏற்றிவிட்டு வந்த கிளாட்சன், "கதை நெருப்பு மாதிரி இருக்குக்கா. பெரிய வெள்ளிக்கு முன்ன போட்டிரணும். தடம் எப்படி வந்திருக்கு?" என்று கேட்டான்.

"கொஞ்சம் சுத்தம் பண்ணணும்" என்றாள் பெனிட்டா.

அவன் போனதும் பட்டையைக் கட்டிக்கொண்டு பத்து நொடி கேட்டுப் பார்த்தாள். நெஞ்சில் ஈரமணல் மூட்டையை வைத்தது போல் ஒரு கனம். எரிச்சலோடு கழற்றி எறிந்தாள். இதை யார் பார்ப்பார்கள்? முதல் நிமிடத்திலேயே ஓடிவிடுவார்கள். அந்த அம்மாளின் குரலும் வீணாகும். அவள் முகமும் வீணாகும்.

அப்போதுதான் 'சோதனை நான்கு' ஞாபகம் வந்தது.

போன வருடம் புது எந்திரம் வந்தபோது, அதைச் சரிபார்க்க ஆழமான ஒரு ஞாபகம் தேவைப்பட்டது. பெனிட்டா தன் நெற்றியிலேயே கட்டிக்கொண்டு கல்யாண நாளை நினைத்தாள். கோடு லேசாக அசைந்தது. முதல் சம்பளத்தை நினைத்தாள். அதுவும் அப்படித்தான். பிறகு, அழைக்காமலே ஐசக் செத்த மதியம் வந்தது. கோடு குபீரென்று எழுந்து உச்சியில் நின்றது.

ஐசக் அவள் புருஷன். பக்கவாதம் வந்து ஆறு வருடம் கட்டிலில் கிடந்தான். பேச்சில்லை. வலது பக்கம் அசைவில்லை. அந்த ஆறு வருடத்தில் பெனிட்டா ஒரு நாள்கூட முழுதாகத் தூங்கியதில்லை. சபையில் எல்லாரும் அவளை எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். அவன் மூச்சு நின்ற மதியம் அவளுக்கு வந்தது அழுகையில்லை. அப்படியொரு லேசான காற்று அதற்கு முன்னும் பின்னும் அவள் மேல் பட்டதில்லை. வீடே விரிந்தது போலிருந்தது. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. எந்திரத்திடம் மட்டும் சொன்னாள். அந்த மதியத்தை அதற்கு மேல் நினைக்க விருப்பமில்லாமல், 'சோதனை நான்கு' என்று பெயர் வைத்து மூடிவிட்டாள்.

அதை எடுத்து மிக்கேலம்மாளின் குரலுக்கு அடியில் வைத்தாள். இரண்டும் ஏழு நிமிடம். தைத்த இடம் தெரியாமல் பொருந்தியது.

புனித வெள்ளிக்குள் பன்னிரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள். ஈஸ்டர் முடிவதற்குள் நாற்பது லட்சம். 'இதுவரை நான் சாமி கும்பிட்டதே இல்லை, இன்றைக்குக் கும்பிட்டேன்' என்று ஒருவர் எழுதினார். 'எங்கள் ஊர் அம்மன் கோவிலில் வந்ததும் இதுதான், எல்லாம் ஒன்றுதான்' என்று இன்னொருவர். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், இனி வைத்தியம் இல்லை என்று கைவிட்டவர்களின் நெற்றியில் பட்டையைக் கட்டி இதைப் போடுவதாகக் கிளாட்சன் பெருமையோடு சொன்னான்.

அவளுக்குத் தாங்க முடியாமல் போனது வீட்டில்தான். ஐசக்கின் அம்மா தங்கநேசம் அவளோடுதான் இருந்தாள். மகன் போனதிலிருந்து சரியாகச் சாப்பிடாதவள், யாரோ பக்கத்து வீட்டுக்காரி பட்டையைக் கொடுத்து அந்த வீடியோவைப் பார்க்கவைத்த நாளிலிருந்து மாறிப்போனாள். தினமும் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்து அதைக் கட்டிக்கொள்வாள். முகத்தில் சுருக்கமெல்லாம் இளகும்.

"ஏட்டி பெனி, இதை நீதான் செஞ்சியாமே. நல்லா இருப்ப. என் பிள்ளை போனதுக்கு அப்புறம் எனக்கு நிம்மதின்னா இதுதான்."

பெனிட்டா சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள். தன் பிள்ளை செத்ததில் மருமகள் அடைந்த விடுதலையை அந்தத் தாய் கடவுள் என்று நினைத்துக் குடித்துக்கொண்டிருந்தாள்.

மே மாதம் வீடியோவுக்கு அடியில் ஒரு குறிப்பைப் பெனிட்டா படித்தாள். எழுதியவள் மணல்துறை ஜெனோபா. 'சகாயம் போன படகில்தான் என் வீட்டுக்காரரும் போனார். இதைப் பார்த்தபிறகுதான் என்னால் விட முடிந்தது. இன்று காலை கையெழுத்துப் போட்டுவிட்டேன்.'

என்ன கையெழுத்து என்று விசாரித்தாள். காணாமல் போனவர்களை இறந்தவர்களாக அறிவிக்கக் குடும்பத்தார் சம்மதிக்க வேண்டும். எட்டு மாதமாக ஒன்பது குடும்பமும் ஒன்றாக நின்று, ஆளைத் தேடு, பக்கத்து நாட்டுச் சிறைகளில் விசாரி என்று ஆபீஸ் ஆபீஸாக ஏறிக்கொண்டிருந்தவர்கள். வீடியோ வந்த ஒரு மாதத்தில் எட்டுக் குடும்பம் கையெழுத்துப் போட்டுவிட்டது. போடாதவள் மிக்கேலம்மாள் மட்டும்தான்.

அதைத் தெரிந்துகொண்ட பிறகும் பெனிட்டா பன்னிரண்டு நாள் வாய் திறக்கவில்லை. பிற்பாடு அவளை அதிகம் அரித்தது அந்தப் பன்னிரண்டு நாள்தான்.

பதின்மூன்றாம் நாள் காலை மிக்கேலம்மாளே வந்துவிட்டாள். கிளாட்சன் வெளியூர் போயிருந்தான். வந்தவள் தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

"என் படத்தை எனக்குப் போட்டுக் காட்டு. நான் பாத்ததில்ல. பட்டை வாங்க வழியில்ல, தேவையும் இல்லன்னு இருந்தேன். இப்ப பாக்கணும்."

பெனிட்டா பட்டையைக் கட்டிவிட்டாள். ஏழு நிமிடமும் அந்த அம்மாள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு தானே கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"இது யாரோடது?"

"உங்களோடதுதாம்மா."

"பொய் சொல்லாத மகளே. குரல் என்னோடது. உள்ள வந்தது என்னோடது இல்ல." அவள் குரலை உயர்த்தவில்லை. "எங்க வீட்டுக்காரர் குடிச்சுக் குடிச்சுச் செத்தாரு. அடிக்காத நாள் கிடையாது. புதைச்சுட்டு வந்து, வீட்டை அலசிவிட்டுட்டு வாசல்ல உக்காந்தேன் பாரு, அப்ப வந்துச்சு எனக்கு இது. அப்பாடான்னு. தலையில இருந்த மீன்பெட்டியை இறக்கி வச்ச மாதிரி. இது ஆண்டவர் இல்ல. இது செத்தவங்க குடுத்துட்டுப் போறது."

பெனிட்டா நாற்காலியை இழுத்துப் போட்டாள். உட்கார்ந்தாள்.

"உனக்கு யாரு செத்தா?"

"என் வீட்டுக்காரர்" என்றாள். சொல்ல ஆரம்பித்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், கோடு படுத்துக் கிடந்ததையும் பத்தே நொடி கேட்டுவிட்டுத் தூக்கி எறிந்ததையும் உட்பட.

மிக்கேலம்மாள் மேசைமேல் இருந்த பட்டையை ஒரு விரலால் தள்ளி வைத்தாள்.

"உனக்கு அப்படி வந்தது பாவமில்லம்மா. எனக்கும் வந்துச்சுல்லா. ஆனா என்ன செஞ்சிருக்க பாரு. எட்டுப் பொம்பளையும் என் வாயைக் கேட்டுட்டு, உன் மனசை வாங்கிக்கிட்டு, புருஷன் செத்துட்டான்னு எழுதிக் குடுத்துட்டாளுவ. 'ஆண்டவர் உங்களுக்குக் குடுத்ததை எங்களுக்கும் குடுத்துட்டாரு, நீங்களும் விட்டுருங்க'ன்னு எங்கிட்டயே வந்து சொல்லுதாளுவ. ஆண்டவர் எனக்கு விடுன்னு சொல்லவே இல்லையே."

"நான் என்ன செய்யணும்?"

"முதல்ல என்னோடதைக் கேளு. பத்து நொடியில தூக்கி எறிஞ்சியே, அதை."

பெனிட்டா அசல் தடத்தை எடுத்துப் போட்டுக்கொண்டு கண்ணை மூடினாள். அதே கனம். அதே ஈரம். மூச்சு முட்டியது. இரண்டாம் நிமிடம் கோபம் வந்தது. கடல்மேல், படகுமேல், வானத்தின்மேல். அதுவும் களைத்துப் போய்விட்டது. பிறகு ஒன்றுமேயில்லை. கழற்றிவிடலாமா என்று கை போனபோதுதான் தெரிந்தது. கனம் குறையவில்லை; ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு இருப்பது தான் மட்டுமில்லை. பக்கத்தில் இன்னொருவர் அதே கனத்தோடு உட்கார்ந்திருந்தார். ஆறுதல் சொல்லவில்லை. அவருக்கும் சகாயம் எங்கே என்று கவலையாக இருந்தது போலிருந்தது. முடிவு வரை அவர் எழுந்து போகவில்லை.

பட்டையைக் கழற்றியபோது அவள் தேம்பிக்கொண்டிருந்தாள். ஐசக்கின் சாவுக்கு அழாத அழுகை அது.

"இதான்" என்றாள் மிக்கேலம்மாள். "இதுல என்ன கோடு எழும்பும்?"

மறுநாள் ஊர் திரும்பிய கிளாட்சனிடம் பெனிட்டா சொன்னாள். அவன் முதலில் நம்பவில்லை. நம்பியபிறகு கதவைச் சாத்திவிட்டு மெதுவாகப் பேசினான்.

"யாருக்கும் தெரியாதுக்கா. அந்தம்மாகிட்ட நான் பேசிக்கிடுதேன்."

"தெரியணும் கிளாட்சன்."

"சாகப் போறவங்களுக்கு இதைப் போடுதாங்க. சிரிச்ச முகத்தோட போறாங்களாம். அந்த நிம்மதி பொய்யா? சொல்லுங்க."

பெனிட்டா யோசித்துத்தான் பதில் சொன்னாள். "நிம்மதி பொய்யில்ல. அதுக்கு வச்ச பேருதான் பொய். என் பேரைப் போட்டிருந்தா யாரும் அதை நம்பிக் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டாங்க."

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு வீடியோவை நீக்கிவிட்டு, நடந்ததை அவளே கேமரா முன் உட்கார்ந்து சொல்வது என்று முடிவானது. அதோடு அவள் வேலையும் முடிந்தது என்று கிளாட்சன் சொன்னான். அவள் மறுக்கவில்லை.

அதற்கு முன் சனிக்கிழமை மணல்துறைக்குப் போனாள். மிக்கேலம்மாள் கோவில் கூடத்தில் எட்டுப் பெண்களையும் கூட்டியிருந்தாள். பெனிட்டா நின்றபடியே சொன்னாள். பாதி பேருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் ஒருத்தி தலையில் அடித்துக்கொண்டு கத்தினாள். அசல் தடத்தைக் கேட்கிறீர்களா என்று கேட்டதற்கு ஐந்து பேர் சம்மதித்தார்கள். கேட்டு முடித்ததும் அந்த ஐந்து பேரும் திங்கட்கிழமையே ஆபீசுக்குப் போய்க் கையெழுத்தைத் திரும்பக் கேட்பது என்று பேசிக்கொண்டார்கள்.

ஜெனோபா பட்டையைத் தொடவில்லை. இடுப்பில் ஒன்றரை வயசுப் பெண்குழந்தை.

"எதுக்கு வந்திய?" என்று கேட்டாள். "ஒரு மாசமா நல்லாத்தான இருந்தேன். தூங்கினேன். பிள்ளைக்குச் சிரிப்புக் காட்டினேன். அது உங்க புருஷன் செத்த சுகமா இருந்தா எனக்கென்ன? மறுபடியும் தினம் கடலைப் பாத்துட்டு இருக்கச் சொல்லுதியளா?"

ஜெனோபாவும் இன்னும் இரண்டு பேரும் கையெழுத்தைத் திரும்பக் கேட்கவில்லை. எடுத்த காரியம் பாதி நல்லதும் பாதி கெடுதலுமாக முடிந்ததென்று நினைத்துக்கொண்டே அவள் பஸ் ஏறினாள்.

வீட்டை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தாள். அதற்குமேல் தள்ளிப்போட நேரமில்லாமல் ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்துவிட்டது. தங்கநேசம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து பட்டையை எடுத்தாள்.

"அத்தை, அதைக் கட்டாதீங்க. ஒரு விஷயம் சொல்லணும்."

சொன்னாள். தங்கநேசம் பட்டையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். தெருவில் ஒரு ஆட்டோ போன சத்தம் தேய்ந்து மறைந்தது.

"எத்தனை மணிக்குப் போனான்?" என்று கேட்டாள்.

இந்தக் கேள்வியைப் பெனிட்டா எதிர்பார்க்கவில்லை. "ரெண்டே கால் இருக்கும் அத்தை."

"நான் பின்னறையில படுத்திருந்தேன்."

"ஆமா."

"என்னை எப்ப வந்து எழுப்புன?"

மிக்கேலம்மாளிடமும் கிளாட்சனிடமும் பெனிட்டா சொன்னது இதை விட்டுவிட்டுத்தான்.

"மூணே கால்."

"ஒரு மணி நேரம்."

"ஆமா அத்தை. ஜன்னலைத் திறந்து வச்சுட்டுச் சும்மா உக்காந்திருந்தேன். சத்தமே இல்லாம இருந்துச்சு. எழுப்பினா அது போயிருமேன்னு..."

தங்கநேசம் தலையை ஆட்டினாள். கோபமா, வேறு ஏதாவதா என்று தெரியவில்லை.

"நிம்மதியா இருந்துச்சுன்னு சொன்னியே, அது கிடக்கட்டும். ஆறு வருசம் பீயும் மூத்திரமும் அள்ளுனது நீ. நானா அள்ளுனேன்? நீ நிம்மதிப்பட்டதுக்கு நான் குத்தம் சொல்ல மாட்டேன்." அவள் நிறுத்தி மூச்சு வாங்கினாள். "ஆனா அந்த ஒரு மணி நேரம் என்னோடதுல்லாட்டி. நீ எழுப்பி நான் வந்து தொடும்போது ஜில்லுன்னு இருந்தான். மூணு வருசமா என் கை அதைத்தான் நினைக்கி. ரெண்டே காலுக்கு உடம்புல சூடு இருந்திருக்கும்லா?"

"இருந்துச்சு அத்தை."

"இருந்துச்சா."

"கை சூடா இருந்துச்சு. நெத்தியும்."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். கிழவி கையைக் காட்டி நிறுத்திவிட்டாள். மடியிலிருந்த பட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.

"இதுக்குள்ள இருக்கது அந்த ஒரு மணி நேரம்தானா?"

"அதை நினைச்சதுதான். ஏழு நிமிசம்."

"அப்ப ரெண்டு மாசமா தினம் நான் அந்த அறையிலதான் போய் இருந்திருக்கேன்." அவள் குரல் உடைந்தது. "அவன் பக்கத்துல. சூடு இருக்கும்போதே. தெரியாமலே இருந்துட்டு வந்திருக்கேன்."

தங்கநேசம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ஆறு மணிக்கு அழிச்சிருவ என்ன?"

"ஆமா அத்தை."

"அழிச்சிரு. அதுக்கு முன்ன ஒரு தடவை போடு. அந்த அம்மா குரலை எடுத்துரு. அவ பிள்ளை கதை அவளுக்கு. எனக்கு வேண்டாம்."

பெனிட்டா குரலை நீக்கிவிட்டு வெறும் தடத்தைப் போட்டாள். தங்கநேசம் பட்டையைத் தானே கட்டிக்கொண்டாள். மற்ற நாட்களைப் போல முகம் இளகவில்லை. கண்ணை மூடியபடி எதையோ தேடுவது போல் புருவம் நெரிந்தது. பிறகு அவளுடைய வலது கை மெல்ல எழுந்து நாற்காலிக்கு வெளியே நீண்டது. கட்டில் உயரத்தில் நின்றது. அங்கே ஒன்றுமில்லாத இடத்தில், குழந்தையைத் தூங்கவைப்பவளைப் போல, தடவிக் கொடுக்க ஆரம்பித்தது.

"ஐசக்" என்றாள். "இங்கதான் இருக்கேன்யா."

ஏழு நிமிடம் முடிந்து திரை அணைந்தது. கை நிற்கவில்லை.